பாதிப் பாட்டோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மாமா, அலமாரிக்கு மேலிருந்த கிட்டார் பையைப் பார்த்துவிட்டார். “நாலு வருஷம் கத்துக்கிட்டியே, ஒண்ணு வாசிச்சுக் காட்டு” என்றார். நான் திருதிருவென விழித்தேன்.

உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் கிட்டார் குழுவில் இருந்தது உண்மை. சிங்கப்பூர் இளையர் விழா மேடையில் வாசித்ததும் சான்றிதழ் வாங்கியதும் உண்மை. ஆனால் நான் வாசித்தது இரண்டாம் பகுதி. முதல் பகுதிக்காரர்கள் மெட்டை வாசிப்பார்கள், பேஸ் கிட்டார்காரர்கள் அடியில் தாங்குவார்கள், நடுவில் இருக்கும் இடத்தை நாங்கள் நிரப்புவோம். அதைத் தனியாக வாசித்தால் என்ன பாட்டு என்று எனக்கே தெரியாது. அன்று மாமாவுக்கு முறுக்குத் தட்டை நீட்டித் தப்பித்துக்கொண்டேன்.

என்னோடு குழுவில் இருந்தவர்களிடம் பிறகு விசாரித்தேன். பெரும்பாலோரின் கிட்டாரும் அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது. இணைப்பாட நடவடிக்கையில் நான்கு ஆண்டுகள் கிட்டார் பிடித்த ஒருவர், தனியாக வாசிக்க ஒரே ஒரு முழுப் பாடல்கூட இல்லாமல் பள்ளியை விட்டு வெளியேறக்கூடாது என்பது என் கருத்து.

அந்த வெட்கத்தில்தான் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் கிட்டாரைக் கையில் எடுத்தேன். மூத்த மாணவர் ஒருவர் நான் வாசிப்பதை ஒரு நிமிடம் கேட்டார். “இரண்டு வாரத்துக்கு இடது கையைத் தொடாதே, வெறும் தந்தியை மட்டும் மீட்டு” என்றார். எரிச்சலாக இருந்தது. நான்கு ஆண்டு அனுபவசாலியிடம் சொல்லும் வார்த்தையா இது?

அவர் சொன்னது சரி. பள்ளியில் எங்கள் பார்வை முழுவதும் இடது கைமேல்தான் இருந்தது. எந்தக் கட்டத்தில் எந்த விரல் என்பதே கேள்வி. இசைத்தாளில் வலது கைக்கென்று பி, ஐ, எம், ஏ என எழுதியிருப்பார்கள். அவை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்பானிய முறையில் தந்தியை மீட்ட இரண்டு வழிகள் உண்டு. மீட்டிய விரல் அடுத்த தந்தியில் வந்து சாய்ந்து நிற்பது ‘அப்போயாந்தோ’. எதையும் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் விரல் போய்விடுவது ‘திராந்தோ’. குழுவில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு சுரம் வாசித்தால் போதும், அதனால் நாங்கள் பெரும்பாலும் முதல் வழியிலேயே காலத்தை ஓட்டினோம். தனியாக வாசிக்கும்போது கட்டைவிரல் அடித்தந்தியில் நடக்க வேண்டும், மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பாட வேண்டும், பக்கத்துத் தந்தி தொடர்ந்து ஒலிக்கவும் வேண்டும். சாய்ந்து நிற்கும் விரல் அந்த ஒலியைக் கொன்றுவிடும். பாட்டை முழுதாக வாசிக்க எனக்கு வராததற்குக் காரணம் மறதி அல்ல. அதற்கான கையே எனக்கு இல்லை.

ஒலியின் தரமும் அப்படித்தான். நான் தந்தியை வெளிப்பக்கமாகக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டிருந்தேன், அதனால் ‘டிங்’ என்று மெலிந்த ஒலி வந்தது. தந்தியை மேற்பலகையை நோக்கிச் சற்று அழுத்தி, பிறகு விட வேண்டும். அப்போதுதான் பலகை நன்றாக அதிர்ந்து ஒலி தடிக்கிறது. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும், கைக்கு வர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

பிறகு நகம். வலது கை நகங்களை மட்டும் வளர்த்து, அரத்தால் வளைவாகத் தேய்த்து வைத்திருப்பதைப் பார்த்து வீட்டில் பாட்டி முகம் சுளிப்பது தனிக்கதை. இதில் ஸ்பெயினின் மேதைகளே ஒத்துப்போனதில்லை. பிரான்சிஸ்கோ தாரெகா பிற்காலத்தில் நகத்தை விட்டுவிட்டு விரல்நுனிச் சதையால் வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ பூஹோலும் அதே வழியில் போனார். ஆந்த்ரேஸ் செகோவியாவோ நகத்தையும் சதையையும் சேர்த்தே பயன்படுத்தினார். அவருக்குப் பெரிய அரங்குகளை நிரப்பும் ஒலி தேவைப்பட்டது. ஒரே நாடு, ஒரே கருவி, ஆனாலும் கைக்கேற்ற ஒலியை அவரவர் தேடிக்கொண்டார்கள். பாணி என்று நாம் பெரிதாகப் பேசுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது என நினைக்கிறேன்.

ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தெ லூசியா இளவயதில் நினோ ரிக்கார்தோ என்ற மூத்த கலைஞரின் வாசிப்பைப் பின்பற்றி வளர்ந்தவர். 1960களில் அமெரிக்கா சென்றபோது சபிகாஸ் என்ற இன்னொரு மூத்தவர், பிறரைப் போல வாசிப்பதை விட்டு உனக்கென்று இசை அமைத்துக்கொள் என்று அறிவுரை சொன்னார். கவனியுங்கள், அந்த அறிவுரை வந்தபோது அவர் கை ஏற்கெனவே பழுத்திருந்தது. காணொளியைப் பார்த்துப் பார்த்து விரலசைவை நகலெடுத்துவிட்டு, ‘இதுதான் என் பாணி’ என்று இரண்டே மாதத்தில் அறிவிக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

பயிற்றுவிப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது பேருக்கு ஒருவர், கண்முன்னே விழா நாள், மேடையில் சில நிமிடங்கள். அதற்குள் எல்லாரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவதே பெரிய காரியம். பக்கத்தில் இருப்பவரின் ஒலியைக் கேட்டு நம் ஒலியை அடக்கும் பழக்கம் எனக்குக் குழுவில்தான் வந்தது, அது வேறெங்கும் கிடைத்திருக்காது. ஆனால் விழா முடிந்த பிறகு வரும் மாதங்கள்? அடுத்த விழாவின் பாடலை உடனே தொடங்காமல், அந்த இடைவெளியை ஒவ்வொருவரும் ஒரு சிறு தனிப்பாடல் கற்கக் கொடுக்கலாமே. மற்ற நாள்களில் பயிற்சியின் முதல் பத்து நிமிடம் வலது கைக்கு மட்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இத்தாலியரான மௌரோ ஜூலியானி வலது கைக்கென்றே 120 பயிற்சிகள் எழுதி வைத்திருக்கிறார். இடது கை இரண்டே கார்டுகளுக்கு இடையில்தான் மாறும், வலது கைதான் 120 விதமாக ஓடும். உயர்நிலை ஒன்று மாணவரும் முதல் சிலவற்றை அன்றே தொடங்கிவிடலாம்.

நான் இப்போது தாரெகாவின் ‘லாக்ரிமா’வில் இருக்கிறேன். கண்ணீர்த்துளி என்று பொருள். மொத்தமே பதினாறு இசைக்கட்டங்கள், முதல் எட்டு மேஜரில், அடுத்த எட்டு மைனரில். முதல் பாதி வந்துவிட்டது. மைனர் பகுதியில் சுண்டுவிரல் இன்னும் தடுமாறுகிறது, அந்த இடத்தில் மெட்டு அறுந்துபோகிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.