தாள் யார் கையில்?

‘அதான் புத்தகத்துல படம் வந்தாச்சே. பெறகு அந்தப் பழைய தாளக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுவுதீரு?’

போன மாதம் ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. முப்பது வருசமாக வழக்கு, மறியல், சிறை என்று அலைந்த மனிதர். அவருக்குத் தாள் என்றால் துண்டறிக்கை. கையில் கொடுத்தால் அதன் வேலை முடிந்தது. ஆனால் இதே கேள்வியை நம் எழுத்தாளர்களும் வேறு மொழியில் கேட்கிறார்கள். ‘தலித் கலை என்பதே அழியும் கலை. சுவரில் போட்டது மழையில் கரையும். அந்தக் கரைதல்தான் அதன் கலகம். சேர்த்து வைப்பது அதிகாரத்தின் வேலை’ என்று கட்டுரை எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமன் போர்டு எழுதுகிறவர். கடை போர்டு, லாரி நம்பர், கட்சிச் சுவர், எது கிடைத்தாலும் எழுதுவார். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டின்போது எங்கள் தெரு இரவுப் பள்ளிக்காக ஒரு படக்கதை போட்டார். 46 தாள். சார்ட் அட்டையைப் பாதியாக வெட்டி, இந்தியன் இங்க்கில் கோடு இழுத்து, போஸ்டர் கலர் அடித்தார். கலர் தீர்ந்தபோது பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கிக்கொண்டார். கதை இதுதான்: எங்கள் தாத்தா காலத்தில், இனிமேல் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்ன நாலு பேரும், அதற்காக ஊர் அவர்களைச் செய்ததும். கட்டம் கட்டமாகப் படம். பேச்செல்லாம் எங்கள் தெருப் பேச்சு.

கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பில் வரிசையாக மாட்டிவிட்டால், எழுத்து தெரியாத கிழவிகள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக நடந்து பார்ப்பார்கள். ‘இது எங்கய்யால்லா!’ என்று ஒரு கிழவி பதினேழாவது தாளில் கையை ஊன்றினாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல். அந்தத் தடம் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. பிறகு ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டபோது, அழுக்கு என்று நினைத்து அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டார்கள்.

இருபத்துமூன்றாவது தாள் இன்னும் முக்கியம். அச்சில் பார்த்தால் பண்ணையார் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். மூலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு முகம் தெரியும். மாமா முதலில் முகத்தோடுதான் போட்டிருக்கிறார். அந்த ஆள் அப்போது உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் அவர் வயலில்தான் களை எடுத்தார்கள். அச்சுப் புத்தகத்தில் கதை மட்டும்தான் இருக்கிறது. கதை போட்டவனின் பயம் மூலத்தில்தான் இருக்கிறது. யாருக்குப் பயந்து எதை மறைத்தோம் என்பது நம் வரலாறு இல்லையா? அந்தத் தாளைக் கரைய விடுவதில் என்ன கலகம் இருக்கிறது? கரைந்தால் பண்ணையார் முகம்தான் தப்பிக்கிறது.

இப்போது என்னிடம் 43 தாள்தான் இருக்கிறது. பத்து வருசத்துக்கு முன் ஒரு பெரிய நகரத்தில் கண்காட்சி வைக்கிறோம் என்று 12 தாள் வாங்கிப் போனார்கள். ரசீது கேட்கவில்லை. நம்ம ஆள்கள்தானே என்ற கூச்சம். 9 தாள் திரும்பி வந்தது. ‘எங்கேயோ மிஸ் ஆயிடுச்சு சார்’ என்றார்கள். மாமா சாகிறவரைக்கும் என்னிடம் கேட்டார்: ‘மாப்ள, பன்னெண்டுல்லா குடுத்தோம்?’

இது நம் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஜாக் கிர்பி என்ற படக்கதை ஓவியரைச் சொல்கிறேன். 1917இல் நியூயார்க்கின் ஏழைத் தெருவில், துணித் தொழிற்சாலையில் வேலை செய்த யூதக் குடியேறிக்குப் பிறந்தவர். 1960களில் ஸ்டேன் லீயோடு சேர்ந்து மார்வெல் நிறுவனத்துக்கு ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், எக்ஸ்-மென் என்று உருவாக்கிக் கொடுத்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தாள் கம்பெனிக் கிடங்கில். 1980களில் ஓவியர்களுக்கு மூலத்தைத் திருப்பித் தரும் பேச்சு வந்தபோது, மற்றவர்களிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது கம்பெனி. கிர்பிக்கு மட்டும் நாலு பக்கம். எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதிக்கொடு, 88 பக்கம் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்தார். சக ஓவியர்கள் பகிரங்கமாக அவர் பக்கம் நின்றார்கள். 1987இல் ஏறக்குறைய 2,000 பக்கம் திரும்பக் கிடைத்தது. அவர் வரைந்ததில் அது சிறு பங்குதான். மீதி எங்கே? அந்தக் காலத்துப் பக்கம் ஒன்று இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அது சொத்து. வரைந்தவனுக்குத்தான் ‘பழைய தாள்’.

வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதி என்றால் கறுப்பருக்கு? ஜாக்கி ஓர்ம்ஸ் 1937இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகையில் டார்ச்சி பிரவுன் படக்கதையைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கார்ட்டூனிஸ்ட் என்று இன்று கொண்டாடுகிறார்கள். 1945 முதல் 1956 வரை ஒரு சின்னப் பெண்குழந்தையின் வாயில் நிறவெறியைக் கிழித்தார். அவர் கைப்பட வரைந்த மூலங்களில் மிகச் சிலதான் இன்று கண்ணில் படுகின்றன. ஆனால் அவரை உளவு பார்த்து எஃப்.பி.ஐ. எழுதிய கோப்பு? 287 பக்கம், பத்திரமாக இருக்கிறது. நாம் சேர்த்து வைக்கவில்லை என்றால் நம்மைப் பற்றி போலீஸ் சேர்த்து வைத்ததுதான் மிஞ்சும். ‘சேர்த்து வைப்பது அதிகாரத்தின் வேலை’ என்று எழுதுகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதிகாரம் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. நிறுத்தச் சொல்வது நம்மை மட்டும்தான்.

நம் நாட்டுக்கு வாருங்கள். அம்பேத்கர் நத்தை மேல் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டை ஓங்கும் சங்கரின் 1949ஆம் வருசத்துக் கேலிச்சித்திரம் பாடப்புத்தகம் வரைக்கும் வந்து, 2012இல் நாடாளுமன்றத்தில் பிரச்சினையானது. உன்னமதி சியாம சுந்தர் தேடிப் போனார். 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் கிடைத்தன. 2019இல் புத்தகமாக வந்தது. நல்ல வேலை. ஆனால் அவை ஏன் கிடைத்தன? அந்தப் பத்திரிகைகள் பைண்டு செய்யப்பட்டு நூலக அலமாரியில் இருந்தன. அதே வருசங்களில் சேரிகளில் அம்பேத்கரை எப்படி வரைந்தார்கள்? அந்தப் படங்களுக்கு எந்த அலமாரி இருந்தது?

துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற கோண்டு ஓவியர்கள் 2011இல் ‘பீமாயனா’ வரைந்தார்கள். அதில் கொடுஞ்சொல் பேசுகிறவனின் பேச்சு தேள் கொடுக்கோடு வரும். மிதிபட்டவனின் பேச்சு பறவை உருவில் வரும். உலகம் முழுக்கப் படித்தார்கள். இப்படி ஒன்று நம்மிடம் இன்று இருக்கிறது. நாளைக்கும் இருக்கும் என்பதற்கு அச்சு மட்டும் உத்தரவாதமில்லை.

ரோஜா முத்தையா நூலகத்தை மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சேர்த்த கோட்டையூர் முத்தையாவும் என் மாமாவைப் போல போர்டு எழுதிய கலைஞர்தான். மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதை ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகமானது. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு அவருக்குச் செட்டிநாட்டில் வீடு இருந்தது. எங்களுக்கு மூணு செண்டு. மழைக்கு ஒழுகாத மூலை ஒன்றுதான். அதில் கைக்குழந்தை படுக்கும், ரேசன் அரிசி மூட்டை இருக்கும். படம் எங்கே இருக்கும்? 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. 2012இல் நத்தம் காலனியிலும் அப்படியே. எரிக்க வருகிறவனுக்குத் தாளின் மதிப்பு நன்றாகத் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஒரு வார இதழ். படித்துவிட்டுப் போட வேண்டிய தாள்தான். அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழைய படிகளைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் அதைத் தொகுக்க முடிந்தது. இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றி மேடையில் பேசுகிற நாம் அத்தனை பேரும் அந்தப் பெட்டிகளுக்குக் கடன்பட்டவர்கள். அழிவதுதான் கலகம் என்று அவர்கள் நினைத்திருந்தால் நாம் எதைப் பேசியிருப்போம்?

நானும் தப்புச் செய்தவன்தான். கிழிந்த நாலு தாளுக்கு செல்லோடேப் ஒட்டினேன். ஐந்து வருசத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டது. இனி எடுக்க முடியாது. முதல் தாளை ஆசையாக லாமினேசன் செய்தேன். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் படத்தோடு ஒன்றாகிவிட்டது. அதையும் பிரிக்க முடியாது. சுருட்டிக் குழாயில் வைத்ததில் போஸ்டர் கலர் செதில் செதிலாக உதிர்ந்தது. எல்லாம் பாசத்தில் செய்தது. அதனால் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தாளைப் படுக்கை வசமாக வையுங்கள். இரும்புப் பெட்டியானால் தரையை விட்டு உயர்த்தி, வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கரையானும் ஈரமும் சுவர் வழியாகத்தான் வரும். இரண்டு தாளுக்கு நடுவில் அமிலமில்லாத வெள்ளைத் தாள் கொடுங்கள். செய்தித்தாள் கூடாது, அதன் அமிலம் ஏறும். கடையில் விற்கும் பி.வி.சி. உறை மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறைதான் நல்லது. இந்தியன் இங்க் கரி. அது வெளுக்காது. ஸ்கெட்ச் பேனா சாயம். வெயில் பட்டால் வெளுத்துப் போகும். அதனால் சுவரில் மாட்டுவதென்றால் நகலை மாட்டுங்கள். இராமபாணம் வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளத்தில் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் விரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். தாளின் பின்னால் மெல்லிய பென்சிலில் எண், வரைந்தவர் பெயர், வருசம், ஊர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தெரியும்.

நகல் கட்டாயம் எடுங்கள். மூன்று ஊரில் மூன்று நகல் வையுங்கள். ஒரு காலனி எரிந்தாலும் இன்னொன்றில் இருக்க வேண்டும். ஆனால் நகல் இருக்கிறதே என்று மூலத்தை விடாதீர்கள். அமெரிக்க நூலகங்கள் மைக்ரோபிலிம் எடுத்துவிட்டோம் என்று பழைய செய்தித்தாள்களைத் தூக்கி எறிந்தன. வண்ணப் படக்கதையெல்லாம் அந்தப் பிலிமில் கறுப்பு வெள்ளையாகிப் போனது. பில் பிளாக்பியர்ட் என்ற தனி மனிதர் 1960களின் கடைசியிலிருந்து அந்தக் குப்பையை வாங்கித் தன் வீட்டில் அடுக்கினார். 1998இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அவர் சேகரிப்பு போனபோது ஆறு பெரிய லாரிகள் வேண்டியிருந்தன. இன்று ஆய்வாளர்கள் அந்தத் தாளைத்தான் தேடிப் போகிறார்கள். என் பதினேழாவது தாளையும் ஸ்கேன் செய்திருக்கிறேன். சுண்ணாம்புத் தடம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. இருபத்துமூன்றில் அந்த முகம் தெரியவே இல்லை.

கடைசியாக ஒன்று. யார் கேட்டாலும் ரசீது இல்லாமல் ஒரு தாளும் கொடுக்காதீர்கள். எத்தனை தாள், எந்த நிலையில், எந்தத் தேதிக்குத் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்பவர் தோழராக இருந்தால் இன்னும் கட்டாயம் வாங்குங்கள். வெளியாளிடம் சண்டை போடலாம், தோழரிடம் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்போம். நான் நின்றேன்.

என்னைக் கேட்ட தோழருக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறுவாரம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இருபத்துமூன்றாவது தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். ‘இவன எனக்குத் தெரியும்யா. இவன் மேலதான் என் மொத கேசு’ என்றார். பிறகு அவர் வீட்டுப் பரணில் 1989இலிருந்து கிடக்கிற போராட்டப் படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவற்றை இறக்கப் போகிறோம். பென்சிலும் வெள்ளைத் தாளும் ரசீதுப் புத்தகமும் வாங்கி வைத்திருக்கிறேன்.