அணைப்பும் ஒரு சொல்லும்

அயர்லாந்தில் 1993 வரை ஆண்களுக்கிடையிலான உடலுறவு குற்றம். அதே கத்தோலிக்க நாடு 2015 மே 22 அன்று வாக்குச்சாவடிக்குப் போய், 62 சதவீத வாக்குகளோடு தன்பால் திருமணத்துக்குச் சம்மதம் சொன்னது. மனிதகுலத்துக்கே தோல்வி என்று வருந்தினார் வத்திக்கானின் கர்தினால் பரோலின். எனக்கு அந்த வாக்கெடுப்பில் மறக்காத முகம் மேரி மெக்கலீஸ். 14 ஆண்டுகள் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர், ரோமில் திருச்சபைச் சட்டம் படித்தவர். மகன் ஜஸ்டின் தன்பால் ஈர்ப்பாளர். அந்தத் தாய் ஊரறிய ஆதரவு கேட்டார். (1970களிலேயே தன்பால் ஈர்ப்பாளர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர், எனவே வெறும் பிள்ளைப்பாசம் என்று தள்ளிவிட முடியாது.)

திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன்பால் ஈர்ப்பாளர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. அதே 2358ஆம் எண்ணில் அந்த ஈர்ப்பையே ஒழுங்கு பிறழ்ந்தது என்றும் சொல்கிறது. பிள்ளையைக் கட்டியணைத்தபடி காதில் 'நீ கோளாறு' என்றால், அவன் மனத்தில் தங்குவது அணைப்பா, சொல்லா? 2023 டிசம்பரில் தன்பால் இணையருக்கு ஆசி வழங்க ரோம் இசைந்தது. ஆனால் அது சடங்காகவும் கூடாது, திருமணச் சாயலும் கூடாது. கொல்லைப்புறமாகக் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் வந்தாயிற்றே என்று மகிழ்வோர் உண்டு. நான் அவ்வளவு தாராளமில்லை.

மெக்கலீஸோ மகனையும் விடவில்லை, சபையையும் விடவில்லை. 2018இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப்பொருள், திருச்சபைச் சட்டத்தில் குழந்தைகளின் உரிமைகள்.