இடிமேகமும் விமான வழியும்

சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல்களில், பெங்களூரின் தென்கோடியிலுள்ள ஹெப்பகோடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதே வேளையில் நகரின் வடபுறத்தே, தேவனஹள்ளி விமான நிலையத்தின்மீது இடியுடன் மழை கொட்டுவதும் உண்டு. ஒசூர்ச் சாலை வழியே நகர் முழுவதையும் கடந்து நிலையத்தை அடையும் பிரயாணி, தாம் ஏறவேண்டிய விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டதென்று கேட்டுச் சினங்கொள்கிறார். தம் ஊரில் ஒரு துளியும் விழவில்லையே என்பது அவர் வாதம். இச்சினம் இயல்பானதே, ஆயினும் நியாயமானதன்று. 2023 ஏப்ரல் 4 அன்று பெய்த மழையின்போது பெங்களூருக்கு வந்த 14 விமானங்கள் வேறு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை சென்னையில் இறங்கின. அன்று பிரயாணிகள் இழந்தது சில மணி நேரம் மட்டுமே.

இடிமேகம் என்பது பரந்து விரிந்த மழைப்போர்வையன்று. தரையில் சூடேறிய ஈரக்காற்று விரைந்து மேலெழுவதால் உண்டாகும் கோபுரம் அது. தனித்த ஒரு மேகத்தின் அகலம் பெரும்பாலும் சில கிலோமீட்டரே. அதன் ஆயுளும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. உயரமோ, வெப்ப நாடுகளில் 15 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். ஜெட் விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே அதனை ஏறிக் கடத்தல் பெரும்பாலும் இயலாது. அடியில் நுழைந்து செல்லுதலும் ஆபத்தே. சுற்றிச் செல்வதொன்றே தக்க வழி. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர், விலகிச் செல்லுதல் விமானிகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் நெறியாகும்.

விமானத்தின் மூக்கிலேயே ரேடார் இருக்க, விமானி தாமே வழி கண்டுகொள்ளலாகாதா என்று சிலர் வினவலாம். ரேடார் அலைகள் மழைத்துளிகளிற் பட்டுத் திரும்பி வருவதாலேயே மேகம் திரையில் தெரிகிறது. ஆனால் மழை மிகக் கனமாயிருப்பின் அம்மழையே அலைகளை விழுங்கிவிடும்; அதற்கு அப்பாலுள்ள பெருமேகம் தெளிந்த வானம்போலத் தோன்றும். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு விமானம் இவ்வாறே இடிமேகத்தினுட் புகுந்தது. மழையாலும் ஆலங்கட்டியாலும் அதன் இரு எஞ்சின்களும் செயலிழந்தன. நெடுஞ்சாலையொன்றில் இறங்க முயன்று அவ்விமானம் நொறுங்கியது. விமானத்து ரேடாரை மட்டும் நம்பியதையும், தரையிலிருந்து உரிய வானிலைச் செய்தி உரிய காலத்தில் எட்டாததையும் விசாரணை சுட்டிக்காட்டியது. விமானியின் கண்ணுக்குத் தரையிலுள்ளோரின் கண்ணும் துணை செய்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

கண் இருந்தும் வழி கிடைக்காத நிகழ்ச்சியொன்றை இந்தியாவே அண்மையில் கண்டது. 2025 மே 21 அன்று, தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு 220க்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் சென்ற விமானம், பதான்கோட் அருகே 36,000 அடி உயரத்தில் இடிமேகத்தை எதிர்ப்பட்டது. இடப்புறமாக, சர்வதேச எல்லைப் பக்கம், விலகிச் செல்ல விமானிகள் வடக்குக் கட்டுப்பாட்டு நிலையத்தை வேண்டினர், அனுமதி கிடைக்கவில்லை. லாகூர் நிலையத்தை வேண்டினர், அதுவும் மறுத்தது. முந்திய மாதத்தில்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் வான்வெளியை மற்ற நாட்டு விமானங்களுக்கு மூடியிருந்தன. திரும்பிச் செல்ல முயன்றபோது மேகம் மிக நெருங்கிவிட்டது. வேறு வழியின்றி விமானம் அதனுள்ளே புகுந்தது. ஆலங்கட்டி மூக்கைச் சிதைத்தது. ஒரு கட்டத்தில் விமானம் நிமிஷத்துக்கு 8,500 அடி வேகத்தில் கீழிறங்கியது. விமானிகளின் திறமையால் அனைவரும் உயிருடன் ஸ்ரீநகரில் இறங்கினர்.

நாட்டின் பாதுகாப்பு அற்ப விஷயமன்று; எல்லையில் அந்நிய விமானத்தைக் காண்போர் எச்சரிக்கையுடன் இருப்பது கடமையே. எனினும் மேகம் எல்லைக்கோட்டை அறியாது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளிமீது முழு உரிமை உண்டென்று முதல் விதியிலேயே கூறுகிறது. அதே உடன்படிக்கையின் 25ஆம் விதி, இடருற்ற விமானத்துக்கு இயன்ற உதவி செய்தல் கடமையென்றும் கூறுகிறது. முதல் விதியைப் போற்றுவோர் இவ்விதியை மறத்தல் தகாது. பகை நாடுகளிடையேயும், புயலுக்கு அஞ்சி விலகும் பிரயாணி விமானத்துக்காகக் குறுகிய வழியொன்றை முன்னரே வகுத்துவைத்தல் இயலாத காரியமன்று. அது நட்புக்கு அடையாளமன்று. உயிர்மீது கொண்ட மதிப்புக்கே அடையாளம்.

உள்நாட்டிலும் செய்யத்தக்கன உள. இராணுவத்துக்கென ஒதுக்கப்பட்ட வான்வெளியை, மேகம் வழிமறிக்கும்போது சில நிமிஷங்களுக்கேனும் விட்டுக்கொடுக்கும் முறை எங்கும் தயக்கமின்றி நடைபெறுதல் வேண்டும். இடிமேகம் காத்திராது, விமானமும் நிமிஷத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் விரைகிறது. மேலதிகாரியைக் கேட்டுவிட்டு விடையளிப்பதற்குள் விலகும் வாய்ப்பே போய்விடும். 2002இல் சென்னையில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது முதல் இந்திய வானிலை ஆய்வுத்துறை அத்தகைய ரேடார்களைப் பெருக்கி வருகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,000 கோடி ரூபாயில் ‘மிஷன் மௌசம்’ திட்டத்துக்கு அனுமதி அளித்தது. இச்செலவின் முழுப் பயன், ரேடார் காட்டும் படம் விமானப் போக்குவரத்தை நடத்துவோரின் மேசைக்கு உடனுக்குடன் சேர்வதிலேயே இருக்கிறது.

சுற்றுவழிக்கும், மாற்று நிலையத்துக்கும், அங்கே மேலும் 30 நிமிஷம் வட்டமிடுவதற்கும் வேண்டிய எரிபொருளை விமானம் சுமந்தே புறப்படுகிறது. அதன் செலவு கட்டணத்தில் அடங்கியதே. ஆகவே திருப்பப்பட்ட விமானம் தவறிப்போன விமானமன்று. விதிப்படி நடந்த விமானம். ஹெப்பகோடியில் வெயிலைக் கண்டு புறப்படும் பிரயாணி இதனை மனத்திற் கொள்வாராக. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இழந்த உயிருக்கு ஈடு இல்லை.