தலைகளை மட்டும் எண்ணும் பள்ளி மானியம்



ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், சுண்ணக்கட்டி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கழிப்பறைத் தூய்மை போன்ற அன்றாடச் செலவுகளுக்காக அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தரப்படும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம், மாணவர் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருப்பது கண்டனத்துக்குரியது.

2021ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 10,000 ரூபாயும், 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 25,000 ரூபாயும் உச்சவரம்பு என்பதால், 31 பேர் உள்ள பள்ளியிலிருந்து ஒரே ஒரு குழந்தை மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றாலும் 15,000 ரூபாய் குறைகிறது. தண்ணீர் மோட்டாரும் கழிப்பறையும் மட்டும் குறைவதில்லை. அந்தப் பத்தாயிரத்திலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். எஞ்சுவது மாதத்துக்கு 750 ரூபாய். சித்தேரி, ஜவ்வாது போன்ற மலைகளில் ஊர்கள் சிதறிக் கிடப்பதால் பள்ளிகள் சிறியவையாகவே இருக்கும் என்பதும், அங்கே ஒரு டப்பா பெயின்ட் கொண்டுபோகவும் வண்டி வாடகை தனி என்பதும் இக்கணக்கில் இடம்பெறவில்லை. மறுமுனையில், 1,000 பேர் படிக்கும் பள்ளிக்கு 75,000 ரூபாய், அதாவது தலைக்கு 75 ரூபாய்தான்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வேறு தலைப்பில் நிதி உண்டு என்பது உண்மையே. ஆயினும் பள்ளியின் கைக்கு வரும் இம்மானியத்தில் பழங்குடிக் குழந்தைக்கோ, குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதிக்கும் குழந்தைக்கோ கூடுதல் எடை ஏதுமில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2013 முதல், ஏழை மாணவர், ஆங்கிலம் கற்றுவரும் பிறமொழி மாணவர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர் ஆகியோருக்காக அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து வழங்குவதுடன், அத்தகையோர் 55 விழுக்காட்டைத் தாண்டும் பள்ளி மாவட்டங்களுக்கு மேலும் நிதி அளிக்கிறது.

தேவையை அளக்கத் தரவு இல்லை என்று இங்கே சொல்ல வழியில்லை; பெற்றோரின் தொழில், வருமானம், சமூகப் பிரிவு எனப் பலவற்றையும் ஆசிரியர்கள், பாடம் நடத்தும் நேரத்தை இழந்தேனும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத் தளமான எமிஸில் ஏற்கெனவே பதிவேற்றியுள்ளனர். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தை ஏற்காததால் 2024-25இல் சமக்ர சிக்ஷாவின் ஒன்றியப் பங்கு நிறுத்தப்பட்டதைத் தமிழ்நாடு எதிர்ப்பது நியாயமே; ஆனால் நிறுத்திய பணம் வந்து சேர்ந்தாலும் பகிரும் விதி இதுவாகவே இருக்கும். எனவே, எண்ணிக்கை எதுவாயினும் குறையாத அடிப்படைத் தொகை ஒன்றையும், அதற்கு மேல் தேவைக்கேற்ற கூடுதல் தொகையையும் ஒன்றிய அரசு வகுக்க வேண்டும். அதுவரை மலைப் பள்ளிகளுக்கான பற்றாக்குறையை மாநில அரசு தன் நிதியிலிருந்து இக்கல்வியாண்டிலேயே ஈடுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி.