சென்னை மாநகராட்சி பட்ஜெட்: அம்பத்தூருக்கு உண்டு, ஆவடிக்கு ஏன் இல்லை?

ரிப்பன் மாளிகையில் பட்ஜெட் தாக்கல் ஆனதும், "எங்க ஏரியாவுக்கு என்ன?" என்ற கேள்வி மேற்கு புறநகரில் எழும். உங்க வீடு எந்த எல்லையில் இருக்கு என்பதைப் பொறுத்தது பதில்.

தனி நகராட்சியாக இருந்த அம்பத்தூர், 2011-ல் சென்னையோடு இணைந்து 7-வது மண்டலமானது. அங்கே தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் சென்னை மாநகராட்சி பொறுப்பு. குடிநீருக்கும் பாதாள சாக்கடைக்கும் குடிநீர் வாரியத்தைத்தான் கேட்கணும். பக்கத்து ஆவடியோ 2019-ல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. சொத்து வரி அங்கேயே கட்டுறீங்க, தெரு வேலைக்கும் அங்கேதான் கேட்கணும். ரெண்டு ஊரையும் கடக்கும் சி.டி.எச். ரோட்டில் பள்ளம்னா? அது நெடுஞ்சாலைத் துறை!

எல்லாரும் காத்திருக்கும் மெட்ரோ எந்த மாநகராட்சி கையிலும் இல்லை. கோயம்பேடு முதல் அம்பத்தூர், ஆவடி வழியாக பட்டாபிராம் வரை 21.76 கி.மீ., மதிப்பு ரூ.9,744 கோடி என்று 2025 மார்ச்சில் சொன்னது மாநில பட்ஜெட். ஆனால் பெரும் திட்டங்களுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் கடனும் வேணும். ரூ.63,246 கோடி இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினாங்க. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில்தான்.

ஆக, "மெட்ரோ வரப்போகுது" என்ற மனை விளம்பரத்தை நம்பி இப்பவே அட்வான்ஸ் கொடுப்பது அவசரம்.