முதுமலையும் வேடிக்கை பார்ப்போரும்

நீலகிரி ஜில்லாவிலுள்ள முதுமலைக் காட்டைக் காணப் பட்டணங்களிலிருந்து ஜனங்கள் மோட்டார்களில் திரள்திரளாகச் செல்லுகிறார்கள். அவ்வாசையை நாம் குறை கூறவில்லை. தன் தேசத்து யானையைக் கண்ணாலும் காணாதவன் அதைக் காக்க முன்வருவானென்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் இக்காடு எவர் பொருட்டுக் காக்கப்படுகிறதென்ற கேள்விக்கு விடை கூறாமல் சர்க்கார் டிக்கட்டு விற்றுக்கொண்டிருப்பது நியாயமாகாது.

பூர்வ சரித்திரத்தைச் சற்று நோக்குவோம். 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டு அன்னிய ராஜாங்கத்தார் நமது காடுகளைத் தங்கள் காவலுக்குள் அடக்கினர். விறகும் தேனும் மேய்ச்சலும் பரம்பரையாக அனுபவித்து வந்தவர்கள் குற்றவாளிகளாயினர். துரைமார்களோ லைசென்ஸ் பெற்று வேட்டையாடினர். 1940இல் முதுமலை சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. துப்பாக்கி போய்க் காமெரா வந்தது நல்ல மாறுதலே. எனினும் காட்டில் வசிப்பவன் இடையூறு, வெளியிலிருந்து வருபவன் விருந்தாளி என்னும் பழைய மனப்பான்மை மட்டும் இன்னும் போனபாடில்லை.

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் முதலியோரின் உரிமைகளை ஒப்புக்கொள்ளுகிறது. கிராம சபை தன் சம்மதத்தை விஷயமறிந்து எழுத்து மூலமாகத் தராமல் எவரையும் குடிபெயர்க்கலாகாதென்றும் அதில் கண்டிருக்கிறது. குடிபெயரும் குடும்பத்துக்கு 2008 முதல் 10 லட்சம் ரூபாயும், 2021 முதல் 15 லட்சமும் என விதிக்கப்பட்டது. தேனெடுத்துப் பிழைத்தவன் தேனில்லாத ஊரில் அப்பணத்தைக் கொண்டு எத்தனை நாள் பிழைப்பான்? பணத்தைக் காட்டிப் பெறும் சம்மதத்தைச் சட்டம் கருதிய சம்மதமென நாம் ஏற்பதற்கில்லை.

விருந்தாளியின் விஷயமோ வேறு. சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி. அவ்வழியில் தங்கும் விடுதிகள் முளைத்தன; மின்சார வேலிகளும் போடப்பட்டன. 2010இல் சர்க்கார் அதை யானை வழித்தடமென்று பிரகடனம் செய்ய, விடுதிக்காரர்கள் கோர்ட்டுக்குச் சென்றனர். 2011இல் சென்னை ஹைகோர்ட்டும், 2020 அக்டோபர் 14ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பிரகடனத்தையே ஊர்ஜிதம் செய்தன. பிறகும் ஆட்சேபணைகளைக் கேட்க ஒரு மாஜி நீதிபதியின் தலைமையில் கமிட்டி! விடுதிக்காரருக்கு வாதாட அவகாசம் கொடுத்ததை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதே பொறுமையைக் குடிசைக்காரன் மனுவுக்கும் காட்டலாகாதா என்பதே நமது கேள்வி.

காப்பகத்தின் உட்பகுதியில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வேடிக்கை பார்ப்போருக்குத் திறக்கலாகாதென 2012ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. முதுமலையின் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர். இதில் திறக்கப்பட்டுள்ள பாதைகள் எவை, தினம் புகும் வண்டிகள் எத்தனை, டிக்கட்டு வசூலில் அக்காட்டுக் கிராமங்களுக்குச் சேருவது எவ்வளவு என்று சட்டசபை அங்கத்தினர்கள் மந்திரியைக் கேட்பார்களாக. கணக்கை மாதந்தோறும் தமிழில் எழுதித் தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் ஒட்டி வைப்பதில் சர்க்காருக்கு யாதொரு செலவுமில்லை.