அருமனைச் சிறுவழிகளும் மிதிவண்டியும்

ஓர் ஊரின் வழிகள் யாருக்குரியன என்று அறிய விரும்புவோர் சட்டநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மிதிவண்டியில் ஏறித் தன் பள்ளிக்குத் தனியே சென்று மீள்கின்றாளா என்று பார்த்தாற் போதும். அச்சமின்றி மீள்கின்றாளாயின், அவ்வழி ஊரார் எல்லார்க்கும் உரியது. பெற்றோர் அஞ்சி அவளை வீட்டில் நிறுத்துவராயின், அது சிலர்க்கு மட்டுமே உரியதாயிற்று என்பது தெளிவு. இவ்வளவுகோலைக் கொண்டு, நம் மாவட்டத்தின் மேற்கே உள்ள அருமனைச் சுற்றுப்புறத்துச் சிறுவழிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருமனை சமநிலம் அன்று. மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் நாடு அது. மேட்டில் ரப்பர்த் தோட்டமும், சரிவில் தென்னையும் பலாவும், பள்ளத்தில் வாழையும், முன்னாளில் நெல் விளைந்த ஏலாக்களும் அமைந்துள்ளன. இவற்றின் ஊடே, இருபுறமும் கையாலை உயர, மரநிழல் கவிய, வளைந்து வளைந்து செல்லும் குறுகிய பாதைகள் பல. திருவட்டாறும், கோதையாற்று நீர் விழும் திற்பரப்பும், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைத் தாங்கிய சிதறால் மலையும், 1966இல் பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட மாத்தூர்த் தொட்டிப்பாலமும் மிதிவண்டிக்கு எட்டாத தொலைவில் உள்ளன அல்ல. உந்துவண்டியில் செல்வோன் இவ்விடங்களை மட்டும் காண்கின்றான். மிதிவண்டியில் செல்வோனோ இவற்றுக்கு இடைப்பட்ட நாட்டையும் காண்கின்றான். ரப்பர்ப் பாலின் மணத்தையும், ஓடையின் ஒலியையும், மழைக்கு முன் வீசும் காற்றின் குளிர்ச்சியையும் அவன் அறிவான். எதிர்ப்பட்டவரை நின்று நலம் வினவுவதும் அவனுக்கு எளிது.

மிதிவண்டிக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவு ஒன்றைச் சிந்தித்தல் தகும். 1876இல் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவ்விதைகளினின்றும் முளைத்த கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூவுருளி வண்டிக்கெனக் காற்றடைத்த சக்கரவுறையை உருவாக்கினார். அதுகாறும் எலும்புகளை உலுக்கிய மிதிவண்டி அன்றுமுதல் இன்பவூர்தி ஆயிற்று. ரப்பரின் தேவையும் உலகெங்கும் பெருகிற்று. அத்தேவையே பின்னர் நம் மலைச்சரிவுகளையும் ரப்பர்க் காடாக்கியது. வைகறையில் பால்வெட்டுவோர் சிரட்டைகளில் வடித்தெடுக்கும் வெண்பாலே உலகின் சாலைகளில் உருளும் சக்கரவுறையாகின்றது. சக்கரத்துக்குப் பால் கொடுக்கும் ஊரிலேயே மிதிவண்டி ஒதுங்க இடமின்றித் தவிப்பது வியப்பன்றோ?

காரணம் யாவரும் அறிந்ததே. சிறுவழிகள் தார் பூசப்பெற்று வழுவழுப்பாயின, வேகம் மிகுந்தது. மோட்டார்ச் சைக்கிளில் விரையும் இளைஞன் வளைவில் ஒலியெழுப்புவதோடு தன் கடமை முடிந்ததெனக் கருதுகின்றான். கல்லும் மண்ணும் ஏற்றிய பெரு லாரிகள் எதிர்ப்படும்போது, கையாலையோடு ஒட்டி நிற்பதன்றி மிதிவண்டிக்காரனுக்கு வேறு புகலில்லை. நடந்து செல்லும் முதியோர் நிலையும் அதுவே.

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் இத்தகைய வழிகள் மிகுதி. உயர்ந்த வேலிகளுக்கிடையே செல்லும் அக்குறும்பாதைகளில் மிதிவண்டிப் பயணம் செய்வதற்கென்றே 1878இல் அங்கு ஒரு சங்கம் தோன்றிற்று. மோட்டார் பெருகியபோது அவ்வமைதிக்கும் ஊறு நேர்ந்தது. அந்நாட்டார் வாளாவிருந்தாரல்லர். நார்போக்கு, கெண்ட் ஆகிய பகுதிகளில் முதலில் சோதித்துப் பார்த்தனர். பின்னர் 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தால், குறித்த சில பாதைகளை "அமைதி வழிகள்" என அறிவிக்கும் உரிமையை உள்ளூர் அதிகாரிகளுக்கு அளித்தனர். அவ்வழிகளில் மோட்டார் வண்டிக்குத் தடையில்லை. நடப்போரும் மிதிப்போரும் குதிரையேறுவோரும் தனக்கு நிகரான உரிமையுடையோர் என்பதை உணர்ந்து அது மெல்லச் செல்ல வேண்டும் என்பதே கருத்து.

அயல்நாட்டு வழக்கம் நமக்கெதற்கு என்பார்க்கு நம் வரலாறே விடை கூறும். 1956க்கு முன் நம் பகுதி இணைந்திருந்த பழைய திருவிதாங்கூரில், பொதுவழியில் நடக்கும் உரிமை பிறப்பால் மறுக்கப்பட்ட மக்கள் பல்லாயிரவர். 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு புரட்சியாகக் கருதப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வைக்கத்தில் நிகழ்ந்த சத்தியாக்கிரகமும் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. அடியும் சிறையும் ஏற்று நம் முன்னோர் எல்லார்க்கும் பொதுவாக்கிய வழியை, இன்று வேகம் என்னும் புதிய மேட்டிமைக்கு நாம் ஓசையின்றி விட்டுக் கொடுப்பது முறையாகுமா? அன்று சாதி விலக்கிற்று. இன்று அச்சம் விலக்குகின்றது. இரண்டும் ஒரே தன்மையின அல்ல; ஆயினும் எளியவன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் காட்சி ஒன்றே.

மிதிவண்டி எளியோர்க்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, அளிக்கும் விடுதலையை நம் நாடு கண்கூடாகக் கண்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தபோது, நாட்டுப்புறப் பெண்டிர் பல்லாயிரவர் அதனைக் கற்றுத் தந்தையையும் கணவனையும் பேருந்தையும் எதிர்பாராது வெளிச்சென்றனர். மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தையும் நம் மாநில அரசு பல்லாண்டுகளாக நடத்தி வந்துள்ளது. நன்று. ஆனால் வண்டியைக் கொடுத்தோம், வழியைக் கொடுத்தோமில்லை. வழி இல்லாத வண்டி திண்ணையில் துருப்பிடிப்பதன்றி வேறு யாது செய்யும்?

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். மேடு பள்ளம் நிறைந்த நாட்டில் மிதிவண்டி ஏறாது என்பர். பற்சக்கரங்களை மாற்றி மிதிக்கும் வண்டிகள் இன்று எங்கும் உள. அன்றியும், ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது இழிவன்று. இருபருவ மழையும் பெய்யும் நாடு என்பர். அம்மழை மோட்டார்ச் சைக்கிளையும் நனைக்கும். மிதிவண்டி வறியோர் ஊர்தி என்பர். செல்வம் மிக்க ஆலந்து, டென்மார்க்கு நாடுகளில் எல்லா நிலையினரும் மிதிவண்டியில் செல்வதை இவர் அறிக. நோயாளியைச் சுமக்கும் வண்டிக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும் வழி வேண்டாவா என்பர். இவ்வினா நியாயமானது. வழி வேண்டும், வேகம் மட்டுமே குறைதல் வேண்டும். உயிர்காக்கும் ஊர்திக்கு யாவரும் ஒதுங்கி வழிவிடுதல் என்றும் கடமையே.

வேகத்தின் கொடுமை இயற்பியல் மாணவர் நன்கறிவர். வேகம் இருமடங்காயின் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின், நடப்போரும் மிதிப்போரும் உந்துவண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என 2020இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவுறுத்திற்று. நம் நாட்டிலும் இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வேக எல்லையை வரையறுக்கவும், பொதுமக்கள் பாதுகாப்புக் கருதிக் குறித்த சாலைகளில் குறித்த வண்டிகளைத் தடுக்கவும் மாநில அரசுக்கு முன்னரே அதிகாரம் தந்துள்ளது. அருமனையைச் சூழ்ந்த சிறுவழிகளுள் பள்ளிகளை இணைக்கும் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றில் 30 கிலோமீட்டர் வேக எல்லை விதித்து, பள்ளி கூடும் வேளையிலும் விடும் வேளையிலும் பெருஞ்சுமை வண்டிகளை விலக்கினால் முதற்படி முடிந்தது. கையாலையை இடித்து வழியை அகலப்படுத்துவதினும் இது செலவு குறைந்தது, மரங்களும் பிழைக்கும். அகன்ற வழி மேலும் வேகத்தையே அழைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மாணவ நண்பர்களே! அரசும் பேரூராட்சியும் செய்ய வேண்டுவன இவை. நாம் செய்ய வேண்டுவனவும் உள. நம்முள் பலர் நாலைந்து கிலோமீட்டருக்கும் மோட்டார்ச் சைக்கிளையே நாடுகின்றோம். நடப்போன் ஒரு மணியில் செல்லும் ஐந்து கிலோமீட்டரை மிதிவண்டி இருபது நிமிடத்தில் கடக்கும். எண்ணெய் கேளாது, புகை கக்காது, உறங்குவோரை எழுப்பாது. பத்து மாணவர் ஒரு வழியில் நாள்தோறும் மிதித்துச் சென்றால், அவ்வழியில் விரைவோர் தாமே வேகம் குறைப்பர். பத்துப் பேர் சென்ற வழியில் பதினோராவதாக ஒரு சிறுமியை அனுப்பப் பெற்றோர்க்கும் துணிவு பிறக்கும். கையாலையோரம் ஒதுங்கி நிற்கும் அச்சிறுமிக்கு வழியின் நடுவில் இடம் உண்டு என்று காட்டுதல் கல்வி கற்றோர் கடனாகும். அக்கடனை அருமனைச் சிறுவழிகளில் தொடங்குவோமாக.